காத்து மேஸ்திரியின் ஆறங்குல ரப்பர்

ஏகநாதன் என்று யாராவது கூப்பிட்டால் ஏகநாதனே திரும்பிப் பார்க்க மாட்டார். கோலார் தங்கவயல் முழுக்க அவர் காத்து மேஸ்திரி. பூமிக்கடியில், பாறையே கொதிக்கிற ஆழத்தில், மனிதன் மூச்சு விடுவதற்காக மேலிருந்து காற்றை இறக்கி அனுப்பும் பிரிவில் அவருக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். விசிறி தள்ளிவிடும் காற்று வழியில் எந்தக் கதவிடுக்கில், எந்தக் கித்தான் திரையின் கிழிசலில் ஒழுகிப்போகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் வேலை. அதற்கு அவரிடம் இருந்த கருவி ஒரு மெழுகுவர்த்தி. ஏற்றிப் பிடித்துக்கொண்டு லெவல் லெவலாக நடப்பார். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டை.

"கீழ ஒரு கொசு பெருமூச்சு விட்டாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொள்வார். அவ்வளவு ஆழத்துக்குக் கொசு போகாது என்று எதிர்த்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

ஐம்பத்தாறில் வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டியபோது, காற்றுப் பிரிவின் பெரிய அதிகாரி தன் நாயைச் சமையல்காரருக்கும், ஐந்நூறு சிசி மோட்டார் சைக்கிளை ஏகநாதனுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். நாய் ஒரே மாதத்தில் சமையல்காரரை எஜமானாக ஏற்றுக்கொண்டது. வண்டிக்குத்தான் அந்த மனசு வரவில்லை. உதைத்தால் திருப்பி உதைக்கும். ஏகநாதன் இரண்டு முறை கணுக்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு, மூன்றாம் மாதம் அதை ஓட்டக் கற்றார்.

அந்த வண்டியால் அவருக்கு ஒரு சுகம் உண்டு. கோரமண்டல் போகிற சாலையில் ஒரு மதகு. ஷிஃப்ட் முடிந்தவர்கள் அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். பழைய அதிகாரியின் வண்டிச் சத்தம் கேட்டதும், பத்து வருஷப் பழக்கத்தில், அத்தனை பேரும் தங்களை அறியாமல் எழுந்து நிற்பார்கள். வண்டி பக்கத்தில் வந்து ஏகநாதனின் முகம் தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். எழுந்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவில் நாலு விநாடி இருக்கும். அந்த நாலு விநாடிக்காகத்தான் அவர் கோரமண்டலில் வேலையே இல்லாத நாட்களிலும் கோரமண்டல் போய்வந்தார்.

அறுபத்துநாலில் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்தபிறகு ஒட்டப்பட்ட நானூற்றுச் சொச்சம் காகிதங்களில், ஏகநாதன் இரண்டு முறை படித்தது அது ஒன்றைத்தான். வென்டிலேஷன் இன்ஸ்பெக்டர் பதவி, ஒன்றே ஒன்று. அனுபவம் இருந்தால் நல்லது. சொந்த மோட்டார் வாகனம் ஓடும் நிலையில் கட்டாயம் இருக்கவேண்டும். பெங்களூரிலிருந்து வரும் அதிகாரி வண்டியின் பின்னால் உட்கார்ந்து ராபர்ட்சன்பேட்டை, கோரமண்டல், பாலகாட் என்று ஒரு சுற்று வருவார். வழியில் வண்டி ஒருமுறை நின்றாலும் விண்ணப்பம் தள்ளுபடி.

ஏகநாதனுக்கு ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மேஸ்திரிக்கு மேலே போக நிறம் போதவில்லை. இப்போது போகாவிட்டால் மேஸ்திரியாகவே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். போட்டிக்கு இருந்தவன் பங்காருபேட்டைப் பையன் ஒருவன். அவனுக்குக் காற்றைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். ஆனால் புது ஸ்கூட்டர் இருந்தது. ஏகநாதனின் வண்டியோ அந்த வாரம்தான் படுத்துக்கொண்டது.

சோக்கை மூடினால் கிளம்பும், திறந்தால் செத்துவிடும். நின்ற இடத்தில் தானாக உறுமும், பிறகு விக்கும். ஒருநாள் மதகை நெருங்கும்போது கார்புரேட்டர் பக்கம் பட்டாசு வெடித்தது. எழுந்து நின்றவர்கள் அன்றைக்கு உட்காரவில்லை, ஓடிவிட்டார்கள். பங்காருபேட்டை மெக்கானிக் மேக்னெட்டோவைக் கழற்றி மாட்டினார். மச்சான் வந்து திருஷ்டி என்று ஹேண்டிலில் எலுமிச்சம்பழம் கட்டினார். ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் மட்டும் ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். அது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"எங்கியோ காத்து உள்ள போவுது மேஸ்திரி. பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தி" என்றார்.

காத்து மேஸ்திரியிடம் வந்து ஒருவன் காற்றைப் பற்றிச் சொன்னான். ஏகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வார்த்தையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை நாஷ்டா முடிந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தி, சோக்கைப் பாதி மூடிக் கிளப்பிவிட்டு, உள்ளே போய் மெழுகுவர்த்தியை எடுத்துவந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்காரன் யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால் அலறிக்கொண்டு கையைப் பிடித்திருப்பான். அவனுக்கு நெருப்பென்றால் பயம், சுரங்கத்திலேயே எரிகிற வாயு இருக்கும். தங்கச் சுரங்கத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. முப்பத்தோரு வருஷமாக ஏகநாதன் சுடரை நீட்டாத ஓட்டை இல்லை, ஒன்றும் பற்றிக்கொண்டதும் இல்லை. பெட்ரோல் என்ற சமாச்சாரம் அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

வர்த்தியைப் பற்றவைத்து எஞ்சினை ஒட்டி மெதுவாக நகர்த்தினார். சிலிண்டர் பக்கம் சுடர் நேராக நின்றது. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற கறுப்புக் குழாய்ப் பக்கம் வந்ததும் அழகாகத் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது.

"வெங்கடம்மா! ஓட்டையைக் கண்டுபுட்ச்சிட்டேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

வெங்கடம்மா வெளியே வந்து பார்த்தபோது, கார்புரேட்டரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த பெட்ரோலும் சுடரைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது. குப்பென்று ஒரு ஜுவாலை. அந்த அம்மாள் தண்ணீர்ப் பானையைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவி வண்டிமேல் போட்டு அமுக்கினாள். வண்டி பிழைத்தது. ஏகநாதனின் மீசையில் இடது பாதியும் ஒரு புருவமும் பிழைக்கவில்லை.

"கண்டுபுட்ச்சிட்டேன் இல்ல?" என்றார் ஏகநாதன், சாம்பல் வாசனையோடு.

"ஊரே கண்டுபுட்ச்சிடுச்சு. உள்ள வாங்க" என்றாள் வெங்கடம்மா.

அந்தக் கறுப்புக் குழாயை இதுவரை எல்லோரும் இரும்பு என்றே நினைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தால் டங் என்றது. நிஜத்தில் அது ரப்பர். எஞ்சின் சூட்டிலும் தங்கவயல் வெயிலிலும் வெந்து வெந்து, கெட்டிப்பட்டு, அடிப்பக்கத்தில் விரல் நகம் நுழைகிற அளவு வெடித்திருந்தது. கழற்றப் பார்த்தால் வரவில்லை. கத்தியால் கீறினால் கத்தி மழுங்கியது. கடைசியில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் காய்ந்த வறட்டி மாதிரிப் பொடிந்து விழுந்தது. ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது.

புது ரப்பர் கேட்டுச் சென்னைக்குக் கடிதம் எழுதினார். அந்த மாடல் வண்டியைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்று பதில் வந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டி ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினார். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் பெட்ரோலைக் குடித்துக் குடித்து ட்யூப் ஊதிக்கொண்டு குழாயின் தொண்டையை அடைத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு ஏர் ஹோஸ் ஞாபகம் வந்தது. பாறையைத் துளைக்கிற மிஷினுக்கு அழுத்தக் காற்று கொண்டுபோகிற தடித்த ரப்பர் குழாய் அது. எண்ணெய் கலந்த காற்று வருஷக்கணக்காக உள்ளே ஓடினாலும் ஊதாது, உப்பாது. அதில் ஆறு அங்குலம் போதும். தங்கவயலில் தங்கத்தைவிட அதிகமாகக் கிடக்கிற சாமான் அதுதான்.

ஸ்டோர்ஸ் கிளார்க் வால்டரிடம் போனார். வால்டர் ஆங்கிலோ இந்தியர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார்.

"ஒரு ரோல் அம்பது அடி, மேஸ்திரி. ஆறு அங்குலத்துக்கு ஃபாரமே கெடையாது, மேன். அம்பது அடி இண்டெண்ட் போடுங்க. எந்த லெவல், எந்த மிஷின், எல்லாம் எழுதி இஞ்சினீர் கையெழுத்து வாங்கினு வாங்க."

"புதுசு வேணாம் வால்டர். கழிச்சுப் போட்ட துண்டு ஏதாச்சும் இருந்தா போதும்."

வால்டர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். எழுந்துபோய் ஒரு ஃபைலை எடுத்துவந்து மேஜைமேல் போட்டார். "கழிச்ச ஹோஸ் எல்லாம் பாலகாட் பக்கம் பழைய ஷாஃப்ட் குழில கொட்டணும்னு ரூல். அம்பத்தெட்டுல ஒரு புண்ணியவான் அப்டி பண்ணச் சொல்லி மேனேஜ்மெண்டுக்கு லெட்டர் எழுதினாரு. ரெண்டு பக்கம். படிக்கட்டுமா?"

"வேணாம்" என்றார் ஏகநாதன். அந்தப் புண்ணியவானின் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும், தினமும் அவரே போடுகிற கையெழுத்து.

ஐம்பத்தெட்டில் நடந்தது இதுதான். ஷிஃப்ட் முடிந்து மேலே வரும் கேஜில், அந்தக் கம்பிக் கூண்டு லிஃப்டில், முப்பது பேர். கீழிருந்து காற்று பிய்த்துக்கொண்டு ஏறுகிறது. எல்லோர் சட்டையும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. டிரில் மிஷின் ஓட்டுகிற வேணுகோபாலின் முதுகில் மட்டும் சட்டை ஆடவில்லை. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. காத்து மேஸ்திரிக்குத் தெரிந்தது. மேலே வந்ததும் வாசலில் காவல் நிற்கிற வாட்ச் அண்ட் வார்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். சட்டைக்குள் முதுகோடு கட்டியிருந்த கழிசல் ஹோஸ், ஒரு முழம், வெளியே வந்தது. வீட்டுக் கதவுக்குக் கீல் செய்ய எடுத்தேன் என்றார் வேணுகோபால். எட்டு நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்தபோது மிஷின் அவர் கையில் இல்லை, கல் அள்ளும் மண்வெட்டி இருந்தது. ஏகநாதனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கிடைத்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அதே சூட்டில்தான் அந்த இரண்டு பக்கக் கடிதத்தையும் எழுதினார்.

வீட்டுக்கு வந்து, பாராட்டுக் கடிதத்துக்குக் கீழே உட்கார்ந்து, "ஹோஸ் கெடைக்காது. இன்ஸ்பெக்டர் வேலை போச்சு" என்றார்.

வெங்கடம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நம்ம கொல்லைக் கதவு கிறீச்சுன்னு ஒரு நாளாச்சும் சத்தம் போட்டுக் கேட்டிருக்கீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா? எண்ணெ போட்டு வெச்சிருப்பே."

"எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீலே ஹோஸ்தான்."

ஏகநாதன் எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். குனிந்து பார்த்தார். நாலு விரல் அகலத்தில் வெட்டி, ஆணி அடித்து, மடங்கி மடங்கிப் பளபளவென்று இருந்தது கம்பெனி ரப்பர்.

"லைன்ல நூத்திநாப்பது வூடு. எல்லாக் கதவும் அதுலதான் தொங்குது" என்றாள் வெங்கடம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கேஜ்ல ஒருத்தரு சட்டை ஏன் ஆடலேன்னு கண்டுபுட்ச்சீங்க. சொந்த வூட்ல கதவு ஏன் சத்தம் போடலேன்னு ஆறு வருசமா கண்டுபுடிக்கல. போய்ப் பாப்பம்மாகிட்ட கேளுங்க. தூளிக் கயிறு உத்தரத்துல உரசி அறுந்திடாம இருக்க முழு ஹோஸா ஒரு துண்டு மாட்டியிருந்தா. புள்ள பெரிசாயிட்டான். அது சும்மாதான் கீது."

பாப்பம்மா வேணுகோபாலின் மனைவி.

ஏகநாதன் அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பெங்களூர் அதிகாரி வர ஐந்து நாள் இருக்கும்போது, சட்டைப் பையில் பேனாவும் ஒரு வெள்ளைக் காகிதமும் வைத்துக்கொண்டு போனார். தப்புக் காரியமே ஆனாலும் அதை முறைப்படி செய்துவிட்டால் பாதி சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

வேணுகோபால் வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றார். பாதி மீசையைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "வாங்க மேஸ்திரி. வெங்கடம்மாக்கா வந்து சொல்லிச்சு" என்றார். உள்ளே கையை நீட்டியதும் பாப்பம்மா அந்தத் துண்டை அவர் கையில் வைத்தாள். தயாராக எடுத்துவைத்திருந்தாள்.

ஏகநாதன் காகிதத்தைத் தொடைமேல் வைத்து எழுதினார். 'வேணுகோபாலிடமிருந்து ஆறு அங்குல நீளமுள்ள ஏர் ஹோஸ் ஒன்று தற்காலிகமாகப் பெற்றுக்கொண்டேன். ஏகநாதன், மேஸ்திரி, வென்டிலேஷன்.' தேதி போட்டுக் கொடுத்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"எல்லாம் முறைப்படி இருக்கட்டும். நாளைக்கு யாராச்சும் நான் திருடன்னு சொல்லிடக்கூடாது பாரு."

"அப்ப நானு?" என்றார் வேணுகோபால்.

ஏகநாதன் பேனாவின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ரப்பரை மாட்ட ஏகநாதனுக்குத் தெரியவில்லை. துளை ஒரு நூல் சிறிசு, எவ்வளவு திணித்தாலும் ஏறவில்லை. தெருவில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த வேணுகோபாலுக்குத்தான் பொறுக்கவில்லை. "சுடுதண்ணில போடுங்க, எளகும்" என்றார். வெங்கடம்மா கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். வேணுகோபால் துணியால் பிடித்து ஒரு திருகுத் திருகினார், ஏறிவிட்டது. ஏகநாதன் கம்பியை ஒற்றையாகச் சுற்றுவதைப் பார்த்து, இடுக்கியை அவர் கையிலிருந்து வாங்கி, மிஷினில் கட்டுகிற மாதிரியே இரண்டு முனையிலும் இரட்டைச் சுற்றுப் போட்டு முறுக்கினார். ஆறு வருஷமாக மண்வெட்டி பிடித்த கை, முறுக்கை மறக்கவில்லை.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. சோக் இல்லாமல், விக்காமல், நிதானமாக ஓடியது.

"காத்து போவுதான்னு பாக்கணுமே" என்றார் ஏகநாதன்.

"வர்த்தி வேணுமா மேஸ்திரி?" என்றார் வேணுகோபால். வெங்கடம்மா அவசரமாகச் சோப்பு நுரையைக் கொண்டுவந்து ரப்பரைச் சுற்றித் தடவினாள். நுரை ஒரு பக்கமும் உள்ளே இழுபடாமல் அப்படியே நின்றது. ஓட்டை இல்லை.

திங்கட்கிழமை பெங்களூர் அதிகாரி வந்தார். நல்ல ஆகிருதி. முதலில் ஸ்கூட்டர் முறை. பாலகாட் மேட்டில் அது அதிகாரியின் எடையைத் தாங்காமல் நின்று, புகை விட்டு மன்னிப்புக் கேட்டது. பிறகு ஏகநாதனின் வண்டி. ஒரு கையில் தொப்பியும் மறுகையில் ஃபைலுமாக அதிகாரி பின்னால் உட்கார, வண்டி மேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறியது. கோரமண்டல் மதகில் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்தார்கள். அன்றைக்கு யாரும் உட்காரவில்லை. அது பின்னால் இருந்தவருக்காக. ஏகநாதன் அந்த விவரத்துக்குள் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் ஆனார். காக்கி முழுக்கால் சட்டை வந்தது. மீசையும் ஏறக்குறைய சமமாக வளர்ந்தது. மூன்றாவது வாரம் முதல் உத்தரவு வந்தது. ஸ்டோர்ஸ் கணக்கெடுப்பில் பதினோராயிரம் அடி ஏர் ஹோஸ் குறைகிறது. தொழிலாளர் லைனில் வீடு வீடாகச் சோதனை போடவேண்டும். ஏர் என்றால் காற்று, காற்று என்றால் வென்டிலேஷன், மேலும் அவரிடம்தான் வாகனம் இருக்கிறது. ஆகவே இன்ஸ்பெக்டர் ஏகநாதன். ஹோஸ் வைத்திருப்பவர்களுக்கு எட்டு நாள் சஸ்பென்ஷன், பதவி இறக்கம். முன்னுதாரணம்: வேணுகோபால், 1958. கூடவே நூற்றுநாற்பது வரி கோடு போட்ட படிவம்.

முதல் வரி அவர் வீடு. மேஸ்திரி வீடு என்பதால் லைனின் தலைப்பில் இருந்தது. அதில் வீட்டிலேயே உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டாவது வீட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. மூன்றாவதும் அப்படியே. அந்த லைனில் இருபது வருஷமாகக் குடியிருந்தவருக்கு அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. ஒரு கதவும் கிறீச்சிடவில்லை. கீலின் மேல் கையை வைத்துக்கொண்டே, "ஹோஸா? அப்டின்னா இன்னாங்க மேஸ்திரி?" என்று கேட்டார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எல்லோர் கண்ணும் அவர் தோளைத் தாண்டி, நிறுத்திவைத்த வண்டியில், கார்புரேட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றது. வெங்கடம்மா பாப்பம்மாவிடம் சொன்னது லைனுக்கே தெரியாமல் இருக்குமா? ஏகநாதன் 'இல்லை' என்று எழுதினார். அடுத்த வீட்டுக்கும் 'இல்லை' என்று எழுதினார். நூறாவது வீட்டில் பேனா மை தீர்ந்தது. அந்த வீட்டுக்காரரே மை கொடுத்தார்.

கடைசி வீடு வேணுகோபாலுடையது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவர் கையில், ஏகநாதன் எழுதிக் கொடுத்த காகிதம் நாலாக மடித்து இருந்தது.

"காலண்டர்ல சொருகி வெச்சிருந்தேன் மேஸ்திரி. இத வெச்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? எடுத்துகினு போங்க. ஒரு துண்டு இருந்துச்சு, இப்ப இல்லன்னு எழுதிக்கோங்க. அதுல பொய்யும் இல்ல."

அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் ஆபீஸில் காட்டியிருந்தால் வேணுகோபால் ஆறு வருஷக் கணக்கையும் தீர்த்திருக்கலாம். அவர் அதை ஒரு பழைய பஸ் டிக்கெட்டைப் போல நீட்டினார். அவமானம் என்றால் என்ன என்று ஏகநாதனுக்கு அதுவரை மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரியும். இப்போது அது அவர் காதிலும் கழுத்திலும் சுட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அன்னைக்கி கேஜ்ல..." என்று ஆரம்பித்தார்.

"ஷிஃப்டுக்கு நேரமாச்சு மேஸ்திரி. நான் வரேன்" என்றார் வேணுகோபால்.

ஏகநாதன் அந்த ரசீதுச் சீட்டை வாங்கிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிமேல் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தார். கடைசி வரியில் 'இல்லை' என்று எழுதினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். முதல் வரியில் இருந்த 'இல்லை'யை அடித்து, 'உண்டு' என்று எழுதினார். கதவுக் கீல் ஒன்று. மோட்டார் சைக்கிளில் ஆறு அங்குலம். எப்படிக் கிடைத்தது என்ற கட்டத்தில், 'நானே எடுத்தேன்.' ஆக அந்தப் படிவத்தில் நூற்றுமுப்பத்தொன்பது பொய்களும் ஓர் உண்மையும் இருந்தன. அந்த உண்மையிலும் பாதி பொய். கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸுக்குப் பரம திருப்தி. பதினோராயிரம் அடி எங்கே போனது என்று மேலிடத்துக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார். ஆறு அங்குலம் போன வழியில்தான் மீதியும் போயிருக்கவேண்டும் என்று எழுதி ஃபைலை மூடினார்கள். எட்டு நாள் சஸ்பென்ஷன். திரும்பி வந்ததும் பழையபடி மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் பதவி ஸ்கூட்டருக்குப் போனது. வாட்ச் அண்ட் வார்டு ஆட்கள் வந்து ரப்பரை வண்டியிலிருந்து அறுத்து எடுத்தார்கள், கொல்லைக் கீலையும் பிடுங்கினார்கள், கதவு அவர்கள் காலிலேயே விழுந்தது. இரண்டையும் சீட்டுக் கட்டி ஸ்டோர்ஸில் ஒப்படைத்தார்கள். ஏகநாதனைப் பார்த்ததும் வால்டர் கண்ணாடியை இறக்கினார்.

"ஆறு அங்குலத்துக்கு ஃபாரம் இல்லன்னு சொன்னேன் இல்ல மேஸ்திரி? இப்ப போட்டுட்டாங்க. உங்களாலதான், மேன்."

வெங்கடம்மா பாராட்டுக் கடிதத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்குப் போட்டாள். வண்டியின் டேங்க்மேல் மிளகாய் காயவைத்தாள். கொல்லைக் கதவுக்கு அவர் கடையில் இரும்புக் கீல் வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து அது திறக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. லைனிலேயே சத்தம் போடுகிற கதவு அது ஒன்றுதான்.

சஸ்பென்ஷனில் நாலாவது நாள் சாயங்காலம், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நடந்தே கோரமண்டல் பக்கம் போனார். மதகில் ஷிஃப்ட் முடிந்த எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சத்தம் இல்லை, ஆகவே யாரும் எழவில்லை. ஏகநாதன் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த வேணுகோபால், பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து, சுவரில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டார்.

ஏகநாதன் நின்றார். உட்காரலாமா என்று தெரியாமல் கையைச் சட்டைப் பையில் விட்டு எதையோ தேடினார்.

"குந்துங்க மேஸ்திரி. இதுக்கு சீட்டு வேணாம்" என்றார் வேணுகோபால்.